எட்டுக்குப் போகாத போன்

பிரேக் டீச்சரின் வலது கால் சும்மா இருக்காது. சாப்பிடும்போது மேசைக்கு அடியில் தரையை அழுத்தும். பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருக்கும்போது அழுத்தும். தங்கை வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் ஏதாவது வண்டி வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் போதும், எதிரே இருக்கிற டீப்பாய் ஓர் உதை வாங்கும். "அக்கா, அது படம்" என்று தங்கை சொல்வாள். "படமா இருந்தாலும் இண்டிகேட்டர் போடலையே" என்பாள் இவள்.

காரணம் தொழில். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். ஸ்டியரிங் மாணவர் கையில், ஆக்சிலரேட்டர் மாணவர் காலில், உயிர் மட்டும் அந்த இரண்டாவது பிரேக்கில். வருடக்கணக்காக அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு நிம்மதி என்பது தூரத்துச் சொந்தம் மாதிரி. எப்போதாவது வரும், வந்தாலும் உட்காருவதற்குள் கிளம்பிவிடும்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கூத்து. கற்றுக்கொள்ளத்தான் போனாள். லைசென்ஸ் தேர்வில் முதல் தடவை கோட்டை விட்டாள், அடுத்த தடவையும் விட்டாள். ஆனால் பின் சீட்டில் தன் முறைக்காகக் காத்திருக்கும்போது, முன்னால் ஓட்டுகிறவர் என்ன தப்புச் செய்யப்போகிறார் என்பதை அவர் செய்வதற்கு முன்பே சொல்லிவிடுவாள். எல்லாம் அவளே செய்து பார்த்த தப்புகள்தானே. பள்ளி முதலாளி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். "இதுக்கு நீங்களே சொல்லிக்கொடுத்துடுங்கம்மா, எனக்குத் தொண்டையாவது மிச்சமாகும்" என்றார். லைசென்ஸ் வாங்கிய கையோடு வேலையில் சேர்ந்துவிட்டாள்.

இந்தத் தொழிலில் இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். யாரோடு பேசினாலும் கண் ரோட்டில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசினால் எதிரே வருகிற லாரிக்கு யார் பதில் சொல்வது? அவளிடம் படித்துப் போனவர்களில் பாதிப் பேரின் முழு முகம் அவளுக்குத் தெரியாது. கடைத்தெருவில் யாராவது எதிரே வந்து "நல்லாருக்கீங்களா டீச்சர்?" என்றால் திருதிருவென்று விழிப்பாள். பேசி முடித்து அவர்கள் பக்கவாட்டில் திரும்பும்போதுதான், அட, ரிவர்ஸ் எடுக்க வராத அந்த நர்ஸ் என்று பொறி தட்டும்.

இனி போன் கதைக்கு வருவோம். ஒரு காலத்தில் அவளும் புதுசு எது வந்தாலும் உடனே போட்டுக்கொள்கிற ஆள்தான். போனில் 'புதிய பதிப்பு தயார்' என்று ஒரு வரி வந்தால் கை அரிக்கும். அப்படித்தான் ஒரு நாள் காலையில், வகுப்புக்குக் கிளம்புகிற அவசரத்தில், அப்டேட் பட்டனைத் தட்டிவிட்டாள். போன் அணைந்தது, எரிந்தது, திரும்ப அணைந்தது. கம்பெனி முத்திரை வரும், போகும், வரும், போகும். அதற்குமேல் ஓர் அடி நகரவில்லை. எந்த மாணவர் எந்தத் தெருமுனையில் நிற்பார் என்பதெல்லாம் அந்தப் போனுக்குள் மாட்டிக்கொண்டது. தெருமுனைகளில் ஆட்கள் வெயிலில் காய, இவள் காலிக் காரை ஓட்டிக்கொண்டு தெரிந்த பக்கவாட்டு முகம் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று ஊர் சுற்றினாள். அந்த வாரமே சிலர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு அவள் மனசுக்குள்ளும் ஒரு பிரேக் விழுந்தது.

அந்தப் போன் சிஸ்டத்தை வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு குழு இணையத்தில் இருந்தது. போனைச் சரிசெய்ய வழி கேட்கத்தான் அதில் சேர்ந்தாள். போன் சரியானது. ஆனால் அவள் கிளம்பவில்லை, சண்டைக்குத் தங்கிவிட்டாள்.

குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. தொழிலைச் சொல்லி இவள் வைத்துக்கொண்ட பெயர் 'பிரேக்'. அங்கே இரண்டு கட்சி. 'நல்லா ஓடிட்டிருக்கா, கை வைக்காதே' என்பது ஒரு கட்சி. 'அழகா இருக்கா, உடனே போடு' என்பது மற்றது. முதல் கட்சிக்கு யாரும் தலைவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, இவளே வரிந்து கட்டிக்கொண்டு ஆகிவிட்டாள். எதிர்க்கட்சிக்குக் 'கண்ணாடி' என்று ஓர் ஆள். ஆணா பெண்ணா, கிழமா குமரியா, யாருக்கும் தெரியாது. இந்த இரண்டிலும் சேராமல் 'பேட்டரி' என்று ஒருவர் உண்டு. குழுவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் "சார்ஜ் எவ்ளோ நேரம் நிக்குது?" என்று மட்டும் கேட்பார்.

சிஸ்டத்தின் எட்டாம் பதிப்பு வந்தபோது குழு ரணகளமானது. ஏழில் கீழே பட்டன் இருந்தது, தட்டினால் பின்னால் போகலாம். எட்டில் பட்டனையே தூக்கிவிட்டார்கள். திரையின் ஓரத்திலிருந்து விரலால் இழுக்க வேண்டும். கடிகாரம் மூலையிலிருந்து நடுவுக்கு வந்தது. எழுத்தெல்லாம் பட்டினி கிடந்த மாதிரி மெலிந்தது. ஒரு பலகைக்குப் பின்னால் இன்னொரு பலகை மங்கலாகத் தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் கண்ணாடி ஆக்கிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பெயரே அதைப் புகழ்ந்து தள்ளியதால் வந்ததுதான்.

"போட்டவங்க போனெல்லாம் சூடாகுது, பேசிட்டு இருக்கும்போதே கட் ஆகுது, கேமரா தானா திறக்குது. இதுக்குப் பேர் அழகா?" என்று இவள் எழுதினாள். "வண்டியில பிரேக்கை வருஷா வருஷம் இடம் மாத்தி வச்சா யார் ஓட்டுவா? கைக்குப் பழகினதைப் புடுங்கிட்டு விரலால இழு, மூக்கால தள்ளுன்னா எப்படி?"

"பழகறதுக்கு ரெண்டு நாள் ஆகும். ரெண்டு நாள் பொறுமை இல்லாதவங்க எப்படித்தான் அடுத்தவங்களுக்கு வண்டி சொல்லிக்கொடுக்கறாங்களோ" என்று கண்ணாடி திருப்பிக் கொடுத்தது. "ஒரே வண்டியில ஒரே ரோட்டுல போயிட்டிருந்தா ரோடு மாறினதே தெரியாது டீச்சர்."

இவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தாள். "எங்க வீட்டுக்காரர் போன் இன்னும் ஏழுலதான் ஓடுது. அவர் காது மெஷினே அந்தப் போனை நம்பித்தான் இருக்கு. இதுவரைக்கும் ஒரே ஒரு குறை? ஒண்ணு கிடையாது. எட்டுக்குப் போனவங்களுக்கு மெஷின் திடீர்னு ஊமையாகுதாமே, அந்தக் கதையையும் கொஞ்சம் சொல்லுங்க." எட்டுக்கு மாறிய யாரோ ஒருவர், பேசிக்கொண்டிருக்கும்போதே மெஷின் மொத்தமாக அடங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தார். அதையும் கீழே ஒட்டினாள். அடுத்தவர் கஷ்டம் கைக்குக் கிடைத்தபோது அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது, அதை மறைப்பானேன்.

அவள் கணவர் பாட்டில் நிரப்பும் ஆலையில் பல வருடம் இயந்திர இரைச்சலில் நின்று காதைப் பறிகொடுத்தவர். பிறகு ஒரு டைல்ஸ் கிடங்கில் ஸ்டோர் வேலைக்குப் போனார். இரண்டு காதிலும் பட்டாணி அளவில் மெஷின். அதில் பட்டன் ஒன்றும் கிடையாது, எல்லாம் போனில் இருக்கிற ஆப்பில்தான். வீடு, தெரு, கூட்டம் என்று மூன்று முறைகள். 'வீடு' என்றால் நாலாப் பக்கமும் கேட்கும். 'தெரு' என்றால் இரைச்சலைக் குறைப்பதற்காகப் பக்கத்திலும் பின்னாலும் வருகிற சத்தத்தை அமுக்கிவிட்டு, எதிரே வருவதை மட்டும் கொடுக்கும். மெஷின் வாங்கி வந்த அன்றைக்கே அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், அப்டேட் என்று எது வந்தாலும் தொடக்கூடாது என்று. அவரும் தொடவில்லை.

இந்தச் சண்டையெல்லாம் நடந்த மாதங்களில் வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் அவளுக்கு முகம் சிவந்துவிடும். கணவர் அவளைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அவள் வாயைத் திறந்தால் போதும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். சாப்பாட்டு மேசையில் எப்போதும் உட்காருகிற நாற்காலியை விட்டுவிட்டு அடுப்பங்கரை வாசலுக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நடக்கப் போனால் இரண்டு எட்டு முன்னால் போய்த் திரும்பி நின்று அவள் முகத்தைப் பார்ப்பார். கல்யாணமான புதிதில்கூட இப்படி இல்லை.

"இத்தன வருஷம் கழிச்சு இவருக்கு என்னமோ ஆயிடுச்சுடி" என்று தங்கையிடம் சொன்னாள். குறையாகத்தான் சொன்னாள், குரலில் பெருமை வழிந்தது.

"கொடுத்து வச்சவ நீ. எங்க வீட்ல ரிமோட்டைத்தான் அப்படிப் பாக்கறாரு" என்றாள் தங்கை.

அதற்குப் பிறகு அவர் வேலையிலிருந்து வருகிற நேரத்துக்குத் தலையை வாரிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். ஒரு தடவை அவர் முழங்கையில் பெரிய கன்றல். "என்னாச்சு?" என்றதற்கு "கதவு இடிச்சுது" என்றார். மருந்து தடவிவிட்டாள். அப்போதும் அவர் அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி விடவில்லை. "சும்மா வாயால சொன்னா போதுமா? உங்க வீட்டுக்காரர் போன்ல ஒவ்வொரு ஆப்பா திறந்து வீடியோ எடுத்துப் போடுங்க. ஒண்ணுகூட மக்கர் பண்ணலைன்னா நான் இந்தக் குழுவை விட்டே போயிடறேன்" என்று எழுதியது. விடுவாளா இவள். விடுமுறை நாள் ஒன்றில் கணவர் குளிக்கப் போனதும் அவர் போனை மேசையில் வைத்து, தன் போனால் படம் பிடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்தாள். கேமரா திறந்தது. பாட்டு ஓடியது. பஸ் நேரம் காட்டியது. "பாத்துக்கங்க, பாத்துக்கங்க" என்று குரலும் கொடுத்தாள். கடைசியாகக் காது மெஷின் ஆப்பைத் தட்டினாள்.

வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வரி: 'இதை இயக்க எட்டாம் பதிப்பு தேவை.' கீழே 'சரி' என்று ஒரே ஒரு பட்டன். தட்டினால் மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தாள், திரும்ப அதே வரி. அடியில் மங்கலான எழுத்தில், 'இப்போதைய முறை: தெரு.'

படம் பிடிப்பதை நிறுத்தினாள். முகத்தில் ஈயாடவில்லை.

கணவர் குளித்துவிட்டு வந்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். "காபி போடட்டுமா?" என்றாள் பின்னாலிருந்து. பதில் இல்லை. "என்னங்க" என்றாள். பேப்பர் அசையவில்லை. "வீடு தீப்புடிச்சு எரியுதுங்க" என்றாள். அவர் நிதானமாக அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

எத்தனை மாதமாக? மெஷின் கம்பெனி ஆப்பை எப்போது மாற்றியதோ அப்போதிலிருந்து, அன்றைக்கு வைத்திருந்த 'தெரு' முறையிலேயே மெஷின் மாட்டிக்கொண்டிருக்கிறது. அடுப்பங்கரைக்கு நேரே போட்ட நாற்காலி, நடக்கும்போது முன்னால் போய்த் திரும்புவது, வைத்த கண் வாங்காத பார்வை எல்லாம் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றன. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்திருக்கிறார். இவள் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இதில் எதற்காக அழுகிறோம் என்றுகூட அவளால் பிரிக்க முடியவில்லை.

அன்றைக்கு அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயம்.

மறுநாள் வகுப்பில் அவள் கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அன்றைய மாணவி ஒரு தையற்கடைக்காரி, நன்றாகவே ஓட்டுவாள். நேரான ரோடு, எதிரே ஒரு நாய்கூட இல்லை, வண்டி குலுங்கி நின்றது.

"யாருமே இல்லையே டீச்சர், ஏன் பிரேக் போட்டீங்க?"

"போலாம், போலாம்" என்றாள். அடுத்த முனையில் திரும்பவும் நின்றது. மூன்றாம் தடவை நின்றபோது தையற்கடைக்காரி ஸ்டியரிங்கிலிருந்து கையையே எடுத்துவிட்டாள். "நான் என்ன தப்புப் பண்றேன்னு சொல்லிடுங்க டீச்சர். எனக்குப் படபடன்னு வருது."

"நீங்க ஒண்ணும் பண்ணல. வலது பக்கம் திரும்புங்க" என்றாள் டீச்சர். வழக்கமான பாதை இடது பக்கம். வலது பக்கம் போனால் டைல்ஸ் கிடங்கு.

கிடங்கின் கேட்டுக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். உள்ளே அவள் கணவர் ஒரு பெட்டியின்மேல் குனிந்து ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அடுக்கிய டைல்ஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப் என்று கத்தியபடி பின்னோக்கி வந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம், கண்ணாடி ஏற்றிய காருக்குள் அந்தச் சத்தம் கேட்டது. அவர் நிமிரவில்லை. டிரைவர் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டி யாருக்கோ கை காட்டினார். பக்கத்தில் இருந்த ஆள் வந்து கணவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். அவர் திரும்பிப் பார்த்து, சிரித்து, ஒதுங்கி நின்றார். யாரும் பதறவில்லை. தினமும் நடப்பது என்று பார்த்தாலே தெரிந்தது. அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"டீச்சர்" என்றாள் தையற்கடைக்காரி மெதுவாக. "வண்டி நின்னுட்டுதான் இருக்கு."

டீச்சர் குனிந்து பார்த்தாள். அவள் கால் பிரேக்கை அடிமட்டம் வரை மிதித்துக்கொண்டிருந்தது.

இனிக் காத்திருக்க முடியாது. ஆனால் போவது எங்கே? ஏழிலேயே இருந்தால் பின்னால் வருகிற வண்டி கேட்காது. எட்டுக்குப் போனால் மெஷின் மொத்தமாக ஊமையாகலாம், அவளே எடுத்து ஒட்டிய செய்திதான் அது. எட்டுக்குப் போனபின் ஏழுக்குத் திரும்ப வழியும் கிடையாது. இருப்புக் கொள்ளாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தாள். பிறகு குழுவைத் திறந்தாள். எழுதினாள், அழித்தாள், எழுதினாள்.

"வீடியோ போட முடியாது. எங்க வீட்டுக்காரர் காது மெஷின் ஆப் ஏழுல திறக்கல. மாசக்கணக்கா திறக்கலைன்னு நினைக்கிறேன். எனக்கு நேத்துதான் தெரியும். எட்டுக்கு மாத்தினா மெஷின் தாங்குமா? தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க."

முதலில் ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். இன்னொருவர் "ஒரே ஒரு குறை? ஒண்ணு கிடையாது" என்று அவள் எழுதியதையே எடுத்துப் போட்டார். வலித்தது. பேட்டரி வழக்கம்போல வந்தார். இந்தத் தடவை, "மாத்தறதுக்கு முன்னாடி போனையும் ரெண்டு மெஷினையும் முழுசா சார்ஜ் போட்டுக்கங்கம்மா" என்று மட்டும் எழுதினார்.

கண்ணாடி குழுவில் எதுவும் எழுதவில்லை. தனியாகச் செய்தி அனுப்பியது. "அப்டேட் போடறதுக்கு முன்னாடி போனையும் மெஷினையும் பிரிச்சுடுங்க. முடிஞ்சப்புறம் புதுசா சேருங்க. பிரிக்காம போட்டவங்களுக்குத்தான் ஊமையாகுதுன்னு நினைக்கிறேன். உறுதியா சொல்ல முடியாது டீச்சர். எங்க மாமனாருக்கு நான் அப்படிப் பண்ணித்தான் சரியாச்சு. அவருக்கு முதல் தடவை தப்பா பண்ணி ரெண்டு நாள் கஷ்டப்படுத்தினதும் நான்தான். அழகா இருக்கேன்னு அவசரப்பட்டு." கொஞ்சம் விட்டு இன்னொன்று வந்தது. "இதைக் குழுவில சொல்லாதீங்க."

அன்று மாலை கணவர் வந்து செருப்பைக் கழற்றியதும் அவர் எதிரே போய் நின்றாள். நேரே. முகத்துக்கு முகம்.

"போனைக் குடுங்க. எட்டுக்கு மாத்தப் போறேன்."

அவர் போனையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "ஆப்பைத் திறந்து பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"சரி" என்று போனை நீட்டினார்.

கண்ணாடி சொன்னபடி மெஷினைப் பிரித்து, போனை மேசை நடுவில் வைத்து, பட்டனைத் தட்டினாள். திரையில் கம்பெனி முத்திரை வந்தது, அடியில் மெல்லிய கோடு ஒன்று நகர ஆரம்பித்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மெஷின் இன்னும் 'தெரு' முறையிலேயே இருந்தது, அவர் முகத்தைப் பார்க்காமல் எதுவும் பேச முடியாது. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கண் தானாக ஜன்னலுக்கு ஓடியது, சுவருக்கு ஓடியது, போனுக்கு ஓடியது. இழுத்துக்கொண்டு வந்து அவர் முகத்தில் வைத்தாள். மீசையில் நரை இவ்வளவா?

"ஏன் சொல்லல?"

"கிளினிக்குக்குப் போனேன். போன் சிஸ்டத்தை மாத்துங்க, தானா சரியாயிடும்னாங்க." அவர் விரலால் மேசையைத் தடவினார். "உங்கிட்ட ஒரு நாள் கேட்டேனே, கார்ல போகும்போது. இந்த அப்டேட்டைப் போட்டா என்னன்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"தெரியல. நீ ரோட்டைப் பாத்துக்கிட்டே பேசின. வீடு வர்ற வரைக்கும் பேசின. ஒரு வார்த்தை கேக்கல. வேண்டாங்கறன்னு மட்டும் புரிஞ்சுது."

அவளுக்கு அந்தப் பயணம் நினைவுக்கு வந்தது. எட்டாம் பதிப்பின் குறைகளை அவள் அவ்வளவு அழகாக, ஒன்றுவிடாமல் அடுக்கியது குழுவில்கூடக் கிடையாது. அவர் வாயே திறக்காமல் கேட்டதை எண்ணி அன்றைக்குப் பூரித்துப்போயிருந்தாள்.

"உன் குழுவையும் நான் படிப்பேன்" என்றார் அவர். "எங்க வீட்டுக்காரர் போன்ல ஒரு குறை கிடையாதுன்னு எழுதியிருந்த. சந்தோஷமா எழுதியிருந்த. அதைக் கெடுப்பானேன்னு விட்டேன், முதல்ல."

"அப்புறம்?"

கோடு பாதிக்கு வந்து நின்றுவிட்டது. மேசைக்கு அடியில் அவள் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

"அப்புறம் கோவம்" என்றார். "நீயா எப்பக் கண்டுபிடிக்கிறன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கிடங்குல வேலைக்குச் சேர்ந்த ஆளு மறுநாளே கண்டுபிடிச்சான். தோளைத் தட்டிக் கூப்பிட்டான். நீ ஒரே வீட்ல இருக்க."

குழுவில் என்றால் இந்நேரம் நாலு பதில் வந்திருக்கும். "நீங்க என்னைப் பாக்கறீங்கன்னு நினைச்சேன்" என்று மட்டும்தான் வந்தது. அவர் முகம் ஒரு நொடி மாறியது. அது என்ன மாற்றம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் முகத்தைப் படித்துப் பழக்கம் இல்லாதவள் அவள்.

போன் அணைந்தது. திரை கறுப்பு. முத்திரை வந்தது, போனது. வந்தது, போனது. அவளுக்கு உயிரே போய்விட்டது. தெருமுனைகளில் ஆட்கள் வெயிலில் நின்ற காலை திரும்ப வந்துவிட்டதென்று நினைத்தாள். கை தன்னால் நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிறகு திரை பளிச்சென்று எரிந்தது. கடிகாரம் நடுவில் இருந்தது. எழுத்தெல்லாம் மெலிந்து கிடந்தது. அவள் இவ்வளவு காலம் திட்டித் தீர்த்த கண்ணாடிப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. பின்னால் போக வழி தெரியாமல் விரலை எங்கெங்கோ இழுத்தாள். கடைசியில் ஆப்பைப் பிடித்துத் தட்டினாள். திறந்தது. மெஷினைச் சேர்த்தாள். சேர்ந்தது. அவர் எட்டி 'வீடு' என்பதைத் தொட்டார்.

தொட்டவர் அப்படியே சிலையாகிவிட்டார். "இந்த ஃபிரிட்ஜ் இவ்ளோ சத்தமா போடுது?" என்றார். "குழாய் சொட்டுது பாரு. மேல்வீட்ல யாரோ நடக்கறாங்க." சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியது. எழுந்து ஜன்னலோரம் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தெருவைக் கேட்க ஆரம்பித்தார். பார்க்க இல்லை, கேட்க.

அவள் தன் போனை எடுத்துக் குழுவில் எழுதினாள். "எட்டு போட்டாச்சு. மெஷின் வேலை செய்யுது. ஊமையானா வந்து சொல்றேன்." கைதட்டல்கள் குவிந்தன. யாரோ கேட்டார்கள்: "இப்பவாவது சொல்லுங்க பிரேக், எட்டுல ஏதாவது குறை?" போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு, மிகவும் தாழ்ந்த குரலில், தனக்கே கேட்டதா என்று சந்தேகப்படுகிற குரலில் கேட்டாள். "கோவம் போச்சா?"

"பாக்கலாம்" என்றார் அவர். திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியம் அவருக்கு இப்போது இல்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, தெளிவாக, அவள் கேட்டதற்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டார். இதற்காகத்தான் அவள் இரண்டு நாளாகத் துடித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க நிலைகொள்ளவில்லை. அவர் திரும்புவார் என்று கொஞ்ச நேரம் நின்றாள். மாதக்கணக்காக அடுப்பங்கரையைப் பார்த்துப் போட்டுவைத்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

அதை இரண்டு கையாலும் பிடித்தாள். ஜன்னலோரம், அவருக்கு நேர் எதிரே, முழு முகமும் தெரிகிற இடத்துக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். தரை கிறீச்சிட்டது. அவர் தோளைக் குறுக்கி, முகத்தைச் சுளித்துத் திரும்பினார்.

"மெதுவா இழு" என்றார். "எனக்குக் காது கேக்குது."